தழும்புக்கு ஒரு விரல் மேலே

1

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதையை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டது ஒரு கட்டுரை, ஐந்நூறு சொல்லில். என் கணவர் ஸ்ரீதரன் வேலை செய்கிற மருத்துவத் தொழில்நுட்ப ஆய்வு மையத்துக்குப் பதினைந்து வயதாகிறது. அதற்குச் சிறப்பு மலர் போடுகிறார்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுத ஆள் இருக்கிறது, தமிழில் இல்லை. "என்ட மனிசி கதை எழுதுவா" என்று இவர் ஏதோ கூட்டத்தில் வாயை விட்டிருக்கிறார். பதினோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நாலு பேருக்கு முன்னால் என்னைப் பற்றி இவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். அந்த ஒரு வார்த்தையில் மயங்கி நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

தலைப்பையும் அவர்களே அனுப்பியிருந்தார்கள்: 'மையத்தின் பின்னால் நிற்கும் மனிதர்கள்'. கூடவே பதினாலு பெயர், பட்டங்களோடு. (பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். கண்டிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.)

நான் சுபாஜினி. கண்டியில் ஒரு கந்தோரில் கிளாக். பகலெல்லாம் மற்றவர்களுடைய விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்துகிறேன், மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். கட்டுரை எனக்கு வராது. வராது என்பதற்கு அத்தாட்சி கீழே.

தொடக்கம் அ: மலைகள் சூழ்ந்த எழில்மிகு கண்டி மாநகருக்கு அணித்தாக, மானிட சேவையையே தன் —

[இதை எழுதியது நான் இல்லை. ஏதோ ஒரு மேடைப் பேச்சாளர் எனக்குள் புகுந்து எழுதிவிட்டார்.]

தொடக்கம் ஆ: சரியான இடத்தில் ஓர் ஊசியைக் குத்துவதற்கு முன் ஒரு தாதி எத்தனை பிழையான இடங்களில் —

[பரவாயில்லை. ஆனால் மலருக்கு ஆகாது.]

தொடக்கம் இ: என் அலுமாரிக்கு மேலே இருக்கிற பழைய சூட்கேசில் இன்னொரு பெண்ணின் இடது கை இருக்கிறது.

இதை எழுதியதும் கட்டுரை செத்துப்போனது. இது பிறந்தது.

2

பயப்படாதீர்கள். சிலிக்கன் கை.

முழங்கைக்குக் கொஞ்சம் மேலே வெட்டி நிற்கும். தோலுக்கு அடியில் ரப்பர் குழாய் ஓடும். அதற்குள் சிவப்புத் தண்ணீர் விட்டால் நரம்பு. தாதி மாணவிகள் ஆஸ்பத்திரியில் மனுஷரைக் குத்துவதற்கு முன்னால் இதைக் குத்திப் பழகுவார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற கை வெள்ளைக்காரக் கை, அதற்கும் யானை விலை. நம்முடைய தோல் நிறத்தில், நம்முடைய நரம்போடு ஒரு கை செய்வோம் என்று மையத்தின் இயக்குநர் டொக்டர் துஷானி முடிவெடுத்தார். அதை வார்த்துக் கொடுக்கிற வேலை தொழில்நுட்ப அலுவலரான என் கணவருக்கு வந்தது.

கை வார்ப்பது எப்படி என்று எனக்கு இப்போது நன்றாகவே தெரியும். பல் வைத்தியர்கள் அச்சு எடுக்கிற பசையை ஒரு வாளியில் கரைப்பார்கள். கையைக் கொடுப்பவர் வசிலின் பூசிக்கொண்டு அதற்குள் கையை விடுவார். ஐஸ் மாதிரிக் குளிருமாம். பசை இறுகும்வரை பத்து நிமிஷம் விரல் நுனிகூட அசையக் கூடாது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வாளிக்குள் கையை விட்டவர் அசையாமல் இருக்க வேண்டுமென்றால் அச்சு எடுப்பவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். சிரிப்புக் கதை சொன்னால் உடம்பு குலுங்கிவிடும். அழுகைக் கதையும் அப்படித்தான். நடுவாந்திரமாக ஏதாவது பேச வேண்டும், ஆனால் கேட்பவருடைய புத்தி கையை விட்டுப் போகிற அளவுக்குச் சுவாரஸ்யமாகவும் இருக்க வேண்டும்.

என் வீட்டில் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசாத மனுஷர் அங்கே பத்து நிமிஷம் பேசியிருக்கிறார். என்ன பேசினார்? இந்தக் கதை முழுவதையும் அந்த ஒரு கேள்விக்காகத்தான் எழுதுகிறாள் என்று நீங்கள் நினைத்தால் நான் மறுக்கப் போவதில்லை.

போன மாதம் மலருக்குப் பழைய படம் ஏதாவது கிடைக்குமா என்று அந்தச் சூட்கேசை இறக்கினேன். இவர் யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்தபோது கொண்டுவந்த பெட்டி அது. உள்ளே அவர் உடுத்திக் கழித்த ஒரு பழைய சாரம், சாரத்துக்குள் சுற்றி அந்தக் கை.*

* முதல் வார்ப்பில் எப்போதும் காற்றுக் குமிழி விழும். அதற்கு இலக்கம் போட மாட்டார்கள், வீசிவிடுவார்கள். இந்தக் கையின் சுண்டுவிரலில் கடுகளவு குமிழி இருக்கிறது. அதாவது இது வீசப்பட்டிருக்க வேண்டிய கை.

பார்த்த உடனேயே யாருடையது என்று தெரிந்துவிட்டது. மணிக்கட்டுக்கு மேலே அயர்ன் பெட்டி சுட்ட தழும்பு. மையத்தில் முன்னர் டைப்பிஸ்டாக இருந்த நஸ்லியாவின் கை.

3

ஓர் எழுத்தாளராக எனக்கு ஸ்ரீதரன் என்ற பாத்திரத்தில் நம்பிக்கை இல்லை.

நாற்பத்தெட்டு வயது. பருத்தித்துறைப் பக்கம். இருபது வருஷம் கண்டியில் இருந்தும் அவருடைய 'ஓம்' 'ஆமா'வாக மாறவில்லை. கெலிஓயாவில் எங்கள் வாடகை வீட்டிலிருந்து காலை ஏழரைக்குப் போனால் ஐந்தரைக்கு வருவார். தேத்தண்ணி குடிப்பார். செய்தி பார்ப்பார். என்னிடம் குறையும் சொல்ல மாட்டார், நிறையும் சொல்ல மாட்டார். என் கதை அச்சில் வந்தால் "வந்திட்டுதோ" என்று கேட்பார், வாசிக்க மாட்டார். இப்படி ஓர் ஆளை வைத்து எப்படிக் கதை எழுதுவது? வாசகர்கள் கொட்டாவி விடுவார்கள்.

(எங்களுக்குப் பிள்ளை இல்லை. இது அதைப் பற்றிய கதை இல்லை என்பதால் அந்த விஷயம் அடைப்புக்குறிக்குள்ளேயே கிடக்கட்டும்.)

ஆனால் தழும்பு விஷயத்துக்கு வாருங்கள். அச்சில் விழுகிற மச்சம், தழும்பு எல்லாவற்றையும் தேய்த்துச் சமப்படுத்திவிட்டுத்தான் சிலிக்கன் ஊற்ற வேண்டும். அது வேலையின் முதல் பாடம். நஸ்லியாவின் கைக்கு மட்டும் இவர் அதைச் செய்யவில்லை. நாற்பது கையும் தழும்போடு வெளியே வந்தன. நாடு முழுக்கத் தாதியர் கல்லூரிகளுக்குப் போய்விட்டன. டொக்டர் துஷானி கேட்டதற்கு "மறந்துபோனன்" என்றாராம்.

கேஸ் அடுப்பை மூடினோமா என்று வாசல் படலைவரை போய்த் திரும்பி வருகிற மனுஷர். மறந்தாராம்.

அந்தத் தழும்பு பெரிய கூத்தே பண்ணியது. பயிற்சி அறைகளில் மாணவிகள் தழும்பை அடையாளமாக வைத்துக்கொண்டு பழகிவிட்டார்கள். 'தழும்புக்கு ஒரு விரல் மேலே குத்து' என்று ஆசிரியைகளே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைகள் முதல் நாள் வார்ட்டுக்குப் போய், நோயாளியின் கையைத் திருப்பித் திருப்பித் தழும்பைத் தேடினார்களாம். இதை இவரே ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். கல்யாணமாகி நான் பார்த்த மூன்றாவது சிரிப்போ நாலாவதோ.

அன்றைக்குத்தான் நானும் கொஞ்சம் உற்சாகமாகி, என் கையையும் ஒரு நாள் அச்சு எடுங்களேன் என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். விளையாட்டு என்று சொல்லிக்கொண்டுதான் நாங்கள் முக்கியமானதைக் கேட்போம். இவர் என் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார், வேலைக்காரக் கண்ணோடு.

"உம்மட கையில நரம்பு வெளியால தெரியாது, சுபா. பிள்ளையளுக்குக் கஷ்டம்."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

'ஊமை ஊரைக் கெடுக்கும், பெருச்சாளி பேரைக் கெடுக்கும்' என்று அம்மா சொல்லும். இந்த ஊமை ஊரையெல்லாம் கெடுக்கவில்லை. என்னைத்தான்.

4

இந்த இடத்தில் ராக்கம்மா வர வேண்டும். மையத்தில் கூட்டித் துடைப்பது, பசை கரைப்பது, கைக்கு வசிலின் பூசுவது எல்லாம் அவள்தான். அந்தப் பதினாலு பேர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. நானும் அவளும் பின்னேரங்களில் ஒரே பஸ்ஸில் கெலிஓயாவுக்கு வருவோம். சூட்கேசைத் திறந்த மறுநாள் பஸ்ஸில் அவள் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். நான் கேட்க நினைத்ததற்கு முன்னால் அவளே கேட்டாள்.

"அம்மா, அன்னிக்கு ஐயா வீட்டுல சாப்புட்டாரா?"

எந்த அன்றைக்கு என்று கேட்டேன். அப்போதுதான் கதை வெளியே வந்தது.

உடம்பின் அச்சை ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறவர்கள் ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைப்பார்கள். எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்ப வாங்கலாம். வாங்கினால் பதினாலு நாளுக்குள் எல்லாப் பிரதிகளையும் சேகரித்து அழித்துவிட வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் நஸ்லியாவிடமிருந்து அப்படி ஒரு படிவம் வந்தது. உடம்புக்கு முடியாமல் ஆறு வருஷத்துக்கு முன்பே வேலையை விட்டவள், திடீரென்று ஏன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை. கேட்கக் கூடாது என்பது விதி. சம்மதத்தைத் திரும்ப வாங்குகிறவரிடம் காரணம் கேட்டால் அது நெருக்குதல். டொக்டர் துஷானி இதிலெல்லாம் சரியான கறார். ஆகவே அத்தனை மரியாதையோடு, ஒரு போன்கூட எடுக்காமல், நாற்பது கையையும் திருப்பி வரவழைத்தார்கள்.

வெட்டி அழிக்கிற வேலை தொழில்நுட்ப அலுவலருக்கு.

"ஒத்தையா நின்னு வெட்டுனாரும்மா. நான் புடிச்சிக்கிறேன்னு சொன்னேன், வேணாம்னுட்டாரு. கடைசிக் கைக்கு வந்தப்ப கத்திய வச்சிட்டு வெளிய போயி நின்னாரு. அப்புறம் வந்து அதையும் வெட்டிட்டாரு."

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த மாதம் ஒரு நாள் இவர் சாப்பிடாமல் படுத்தது ஞாபகம் வந்தது. காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். "ஒண்டுமில்லை, பசிக்கேல்லை" என்றார். நான் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். கொத்தமல்லி. அவருக்கு அன்றைக்கு என்ன நோய் என்று தெரியாமல் கொத்தமல்லி அவித்த என்னை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

ராக்கம்மாவிடம் ஒன்று மட்டும் கேட்டேன். ஒன்பது வருஷத்துக்கு முன் அந்த அச்சு எடுத்த நாளில் இவர் அந்தக் கையைத் தொட்டாரா?

எல்லாம் தெரிந்தவள் மாதிரி அவள் என்னைப் பார்த்தாள். நான்தான் பூசினேன், நான்தான் வாளிக்குள்ள விட்டேன், ஐயா வாளியத்தான் புடிச்சிக்கிட்டு நின்னாரு என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் என் கஷ்டம். ஏதாவது நடந்திருந்தால் சண்டை போட்டு, அழுது, ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். தொடாத கையை ஒருவர் ஒன்பது வருஷம் வைத்திருந்தால் அதோடு எப்படிச் சண்டை போடுவது?

5

இந்தப் பகுதியில் நஸ்லியாவைக் கெட்டவளாக எழுத முயன்றேன். மூன்று தடவை.

அவள் தளுக்கிக்கொண்டு நடப்பாள் —

[நடக்க மாட்டாள். ஒரு கோப்பைத் தூக்கினாலே மூச்சு வாங்குகிற உடம்பு.]

அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே —

[தெரியுமா?]

அடுத்தவள் புருஷன் என்று —

[சீ.]

முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று சொல்லிவிடுகிறேன். என் பதினொரு கதைகளில் ஒன்பதை டைப் செய்தவள் நஸ்லியா. எனக்கு அப்போது தமிழில் டைப் பண்ணத் தெரியாது. நான் கொப்பியில் எழுதுவேன், இவர் வேலைக்குக் கொண்டுபோவார், அவள் இடைவேளையில் அடித்துக் கொடுப்பாள். ஒரு சதம் வாங்க மாட்டாள். ஒரு முறை நேரில் நன்றி சொல்லப் போனபோது, கையை முழங்கைவரை மடித்துவிட்டு டைப் பண்ணிக்கொண்டிருந்தாள். அன்றுதான் அந்தத் தழும்பைப் பார்த்தேன். ஸ்கூல் போகிற மகளுடைய வெள்ளைச் சட்டையை அவசரத்தில் அயர்ன் பண்ணும்போது சுட்டதாம்.

அவள் அடித்துத் தந்த தாள்களில் சில இடங்களில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு இருக்கும். எழுத்துப் பிழையாக்கும் என்று பார்த்தால் பிழை இருக்காது. பிறகுதான் விளங்கியது, அவளுக்குப் பிடித்த வரிகள் அவை. சொல்லக் கூச்சப்பட்டுக் கோடு போட்டிருக்கிறாள். இந்த ஊரில் என் கதைகளை அப்படி வாசித்தவர்கள் வேறு யாரும் இல்லை.

என் புருஷன் மனசில் இருக்கிறவளும் என் கதையைப் புரிந்துகொண்டவளும் ஒரே ஆளாக இருந்தால் நான் யாரை வெறுப்பது? எழுதிக் காட்டுங்கள் பார்க்கலாம்.

6

ஒரு சனிக்கிழமை அந்தக் கையைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு மடவளைக்கு, நஸ்லியாவின் வீட்டுக்குப் போனேன். மலருக்குப் பேட்டி எடுக்க வருகிறேன் என்று போனில் சொல்லியிருந்தேன். உண்மையில் சண்டை போடத்தான் போனேன். 'இந்தாங்க, உங்க கை, எங்க வீட்டுல கிடந்துச்சு' என்று மேசையில் போட்டுவிட்டு முகத்தைப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் அந்த வசனத்தைப் பல விதமாகச் சொல்லிப் பழகினேன். குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி மற்ற பஸ் ஏறும்போது பைக்குள்ளிருந்து விரல் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. உள்ளே தள்ளினேன்.

நஸ்லியா கதவைத் திறந்தபோது என் வசனம் பாதி போய்விட்டது. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிறார்களாம். ஆள் பாதியாகிவிட்டாள். புருஷன் ஸாகி நானா கடைக்குப் போயிருந்தார். எனக்குப் பிளேன்டீ ஊற்றினாள், தனக்கு ஊற்றவில்லை. நாளைக்கு இரண்டு கிளாஸ் தண்ணீர்தான் குடிக்கலாமாம், இன்றைக்கானது முடிந்துவிட்டதாம். நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சீனி போதுமா என்று இரண்டு தடவை கேட்டாள்.

நான் ஒன்றும் கேட்காமலே சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினாள். அவளுடைய இடது கை. சுத்திகரிக்கிற ஊசி போடுவதற்காக நரம்பை வெட்டிச் சேர்த்திருந்தார்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நரம்பு விரல் தடிப்பில் புடைத்து, முடிச்சு முடிச்சாக நின்றது. தழும்பு இருந்த இடத்தில் இப்போது ஒப்பரேஷன் வெட்டு.

போன வருஷம் அவளுடைய மகள் சப்னா தாதியர் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். பயிற்சி அறையில் ஆசிரியை 'தழும்புக்கு ஒரு விரல் மேலே' என்று சொல்ல, பிள்ளை குனிந்து பார்த்திருக்கிறாள். தன்னுடைய ஸ்கூல் சட்டை சுட்ட தழும்பு. யாருக்கும் சொல்லாமல் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னாளாம்.

"மகள் சொன்ன நேரத்தில இருந்து எனக்கு அதே நெனப்பு தங்கச்சி. அந்தக் கைய ஒருக்காப் பார்க்கணும். என்ட கைதானே. இப்படி ஆக முந்தி எப்படி இருந்த எண்டு பார்க்கணும்."

ஆகவே மையத்துக்கு போன் பண்ணியிருக்கிறாள். புதிதாக வந்த பிள்ளை ஒன்று, எதுவானாலும் படிவத்தில் நிரப்பி அனுப்புங்கள் என்றதாம். படிவத்தில் இரண்டு பெட்டி இருந்தது. சம்மதத்தைத் தொடர்கிறேன், சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். திரும்பப் பெறுகிறேன் என்றால் தன்னிடம் திரும்பத் தருவார்கள் என்று அவள் நம்பவில்லை. ஏன் என்று கேட்டாவது யாராவது ஒருவர் போன் எடுப்பார்கள், அப்போது சொல்லலாம் என்று நினைத்திருக்கிறாள். ஒருவரும் எடுக்கவில்லை. மூன்று கிழமையில் அழித்தாயிற்று என்று கடிதம் வந்ததாம். நல்ல தாளில், முத்திரையோடு.

"அந்தப் படிவத்த டைப் பண்ணினதே நான்தான்" என்று சிரித்தாள். "ரெண்டு பெட்டிதான் அடிச்சேன். பார்க்க ஆசையா ஈக்குது எண்டு ஒரு பெட்டி அடிக்க அப்ப எனக்குத் தோணல்ல."

பை என் மடியில் இருந்தது. நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கொடுத்திருக்கலாம். கொடுத்தால் எங்கே கிடைத்தது என்று கேட்பாள். எங்கள் வீட்டுச் சூட்கேசில், அவருடைய சாரத்துக்குள் என்று நான் சொல்ல வேண்டும். இவர் ஒன்பது வருஷமாக வாயைத் திறந்து சொல்லாததை, நான் பஸ் ஏறிப் போய், என் வாயால், என் புருஷனுக்காக அவளிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். எந்தப் பொம்பளை இதைச் செய்வாள்?

பேச்சை மாற்றுவதற்காகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அச்சு எடுத்த அன்றைக்கு இவர் என்ன பேசினார்?

நஸ்லியாவுக்கு முகமெல்லாம் வெளிச்சமானது.

"கதை சொன்னார். ஒங்கட கததான். அந்த ரயில் கேட்காரன்ட கத. நல்லா சொல்லுவார் ஒங்கட மாப்பிள்ள."

எனக்குத் தெரியாது. இவர் என் கதைகளை வாசிப்பதே எனக்குத் தெரியாது.

"நான் டைப் பண்ணின கதையெண்டு அவருக்கு நெனவில்ல போல. நானும் பேசாமக் கேட்டுட்டு இருந்தேன், கை அசையக் கூடாதே. ஆனா முடிவ மாத்திட்டார். நீங்க எழுதினதில கேட்காரன் எல்லாத்தையும் விட்டுட்டு கடைசி ரயில்ல ஏறிப் போற. அவர் சொன்னதில அவன் போகல்ல. சிக்னல் வுழுந்து ரயில் போன பொறகு, கேட்ட தொறந்துட்டு, வூட்டுக்குப் போய் சோறு திண்ட."

என் கிளாசை எடுத்துத் தட்டில் வைத்தாள். பிறகு, சாதாரணமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"நாப்பதில ஒண்ணாவது மிஞ்சியிருக்காதா தங்கச்சி? ஒங்கட மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கும். அவர் ஒண்டையும் வீசாத மனுசன்."

[இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொன்னாளா, பிறகு எழுதும்போது நான் சேர்த்தேனா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. அடித்துவிடப் பார்த்தேன். கை வரவில்லை.]

"இல்லக்கா" என்றேன். "எல்லாம் போயிருச்சு."

7

எழுத்தாளர் என்றால் முடிவை மாற்றலாம். இவரே மாற்றியிருக்கிறார், நான் மாற்றினால் என்ன?

முதலாவது முடிவு. திரும்பி வருகிற வழியில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் இறங்கி, கையை மகாவலியில் எறிந்துவிடுகிறேன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளே பஞ்சு அடைத்த கை, தாழாது, மிதக்கும். அடுத்த நாள் பேராதனைப் பக்கம் பொலிஸ் சுழியோடிகள் ஆற்றுக்குள் முங்கித் தேடிக்கொண்டிருப்பார்கள்.* பத்திரிகையில் என் படம் வர வேண்டுமென்று ஆசைதான், இந்த மாதிரி இல்லை.

* கட்டுகஸ்தோட்டையில் எறிந்தால் பேராதனைக்குப் போகாது, ஆறு அந்தப் பக்கம் ஓடவில்லை. ஆத்திரத்தில் எனக்குத் திசை தெரியாமல் போய்விட்டது. திருத்தவில்லை, இருக்கட்டும்.

இரண்டாவது முடிவு. வீட்டுக்கு வந்து கையை மேசைமேல், அவருடைய சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்கிறேன். அவர் பார்க்கிறார். அவர் சொல்வது —

[இந்த இடத்தில் ஆறு நாள் உட்கார்ந்திருந்தேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்ட ஆளுக்கு ஒரு வசனம் எழுத எனக்கு வரவில்லை.]

மூன்றாவது, நடந்தது. வீட்டுக்கு வந்தேன். கையைச் சாரத்தில் சுற்றி, எடுத்த மாதிரியே வைத்துச் சூட்கேசை மேலே ஏற்றினேன். ஐந்தரைக்கு அவர் வந்தார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு தின்ன வீட்டுக்கு வருகிற மனுஷர். அதற்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. "என்ன?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். அவர் ஒரு கதை சொன்னால் கேட்க வேண்டும் போல இருந்தது. பத்து நிமிஷம். நான் அசையவே மாட்டேன். ஆனால் கேட்கவில்லை.

மலருக்குக் கட்டுரை கொடுத்துவிட்டேன். தொடக்கம் அ-வைத்தான் நீட்டி எழுதினேன். ராக்கம்மாவின் பெயரைப் பதினைந்தாவதாகச் சேர்த்தேன். பிரமாதம் என்றார்களாம்.

8

இனி வாசகர்களிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை. அவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். மிச்சம் ஓர் ஆளுக்கு மட்டும்.

நஸ்லியா அக்கா, இது எங்கே அச்சில் வந்தாலும் நீங்கள் தேடி வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை நானே டைப் பண்ணினேன், பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உங்கள் வீட்டில் உங்கள் முகத்துக்கு நேரே பொய் சொன்னேன். ஒன்று மிஞ்சியிருக்கிறது. எங்கே, எப்படி, எத்தனை வருஷமாக என்றெல்லாம் மேலே எழுதிவிட்டேன். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை, எழுத்தில்தான் வந்தது.

கொண்டுவந்து தர மாட்டேன். இன்னொரு தடவை அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற எனக்குத் தெம்பில்லை. நீங்கள்தான் வர வேண்டும். சப்னாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், கெலிஓயா சந்தியில் இறங்கி ஆட்டோவில் ஸ்ரீதரன் வீடு என்றால் கொண்டுவந்து விடுவார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் உங்களுக்கு ஆஸ்பத்திரி. திங்கள், புதன், வியாழன், சனியில் வந்தால் அவர் வேலைக்குப் போயிருப்பார். நான் லீவு போட்டுவிட்டு இருப்பேன். கையை எடுத்துத் தருகிறேன், ஆசை தீரப் பாருங்கள், வேண்டுமென்றால் கொண்டுபோங்கள். சூட்கேஸ் காலியாக இருப்பதை அவர் என்றைக்காவது பார்ப்பார். என்னிடம் கேட்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் வீட்டில் இருப்பார். இதை அவரும் வாசித்திருந்தால் சவரம் செய்துகொண்டு, உடுப்பு மாற்றிக்கொண்டு இருப்பார். வாசிக்காவிட்டால் சாரத்தோடு இருப்பார். எப்படி இருந்தாலும் உங்களைக் கண்டால் கதிரையிலிருந்து எழுந்து நிற்பார், அது மட்டும் எனக்குத் தெரியும்.

எந்த நாள் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தக் கதைக்கு முடிவு அந்த நாள்தான், அதை எழுதுகிற உரிமை எனக்கு இல்லை.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்று நீங்கள் முடிவெடுத்தால், உங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, கையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, நான் சந்தைக்குப் போய்விடுவேன். ஒரு மணித்தியாலம். அதற்கு மேல் என்னால் முடியாது, அக்கா.